புது பிக்கப்பின் பின்பக்கத்தை இறக்குவது எப்படி: முதல்முறை செய்கிறவர்களுக்கு

ஷோரூமில் இருந்து வந்த புது பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் தூக்கலாகத்தான் தெரியும். அதில் குறை ஒன்றும் இல்லை. லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டே பின்பக்கத்தைத் தாங்குகிற வில் பட்டைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங்) அந்த வளைவைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சேலத்தில் பிக்கப் வாங்குகிற எல்லோரும் தினமும் முழு லோடு அடிப்பதில்லை. லீ பஜாரில் மளிகை எடுத்துப் போகிற கடைக்காரர், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர், வாரச் சந்தைக்கு ஆடு ஏற்றுகிறவர் என்று பாதி நேரம் காலியாகவோ கால் லோடிலோ ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்கள்தான் வண்டி எடுத்த கொஞ்ச நாளிலேயே பின்னால் கொஞ்சம் இறக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

இறக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதைக் கண்ணாலோ ஆசையாலோ முடிவு செய்யக் கூடாது. சேசிஸுக்குக் கீழே ஹவுசிங்கை, அதாவது பின் சக்கரம் இரண்டையும் இணைக்கிற ஆக்சில் உறையை, பார்த்து ஒரு கறுப்பு ரப்பர் நிற்கிறதே, பம்ப் ஸ்டாப், அதற்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் உங்களுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். கீழே சொல்லப் போகிற எல்லாமே அந்த இடைவெளியைச் சுற்றித்தான்.

முதலில் ஏன் இறக்க வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது, வயசான ஆள் பின் கதவைத் திறந்து பால் கேன் ஏற்ற முடியவில்லை என்றால் இறக்குவது உதவும். பார்க்க மட்டமாக நிற்க வேண்டும் என்றாலும் சரி, அதுவும் ஒரு நியாயமான ஆசைதான். ஆனால் காலி வண்டி வேகத்தடையில் பின்னால் குதிக்கிறது என்பதற்காக இறக்கப் போகிறீர்கள் என்றால் நில்லுங்கள். குதிப்பு வருவது பட்டையின் விறைப்பால், உயரத்தால் கிடையாது. பட்டையின் வளைவைக் குறைத்தால் வண்டி தாழும், விறைப்பு அப்படியே இருக்கும், குதிப்பும் அப்படியே இருக்கும். குதிப்புக்கு முதல் மருந்து டயர் காற்று. கதவுப் பக்க ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் காலி வண்டிக்கு ஒன்று, லோடு வண்டிக்கு ஒன்று என்று இரண்டு அளவு போட்டிருந்தால் பாருங்கள். லோடு அளவிலேயே காற்றை வைத்துக்கொண்டு காலியாக ஓட்டினால் எந்த வண்டியும் குதிக்கும்.

இன்னொன்று, புதுப் பட்டை லோடு பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் தானாகவே உட்காரும். அதனால் வண்டி எடுத்த மாதத்திலேயே பட்டையில் கை வைக்காமல் சில முறை நல்ல லோடு அடித்து, முதல் சர்வீஸும் முடிந்த பிறகு உயரத்தை அளந்து பாருங்கள். சிலருக்கு அதுவே போதும் என்றாகிவிடும்.

சட்டப் பக்கத்தையும் இப்போதே பேசிவிடலாம், வேலை முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது கீழே குனிந்து பார்ப்பார்கள். பட்டையில் கை வைத்தால் அந்தப் பகுதிக்கு வாரன்ட்டி கிடைக்காது என்று சர்வீஸ் சென்டர் சொல்லக்கூடும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்கக்கூடும். அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அளப்பது

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். டேங்க் நிரப்பி, காற்று சரிபார்த்து, வண்டியைக் காலியாக நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மேலே பாடியில் உள்ள சக்கர வளைவின் விளிம்பு வரைக்கும் டேப் பிடித்து இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் இருந்து அளந்தால் டயர் காற்று கூடக் குறைய இருக்கும்போது கணக்கு மாறும், சக்கர நடுவில் இருந்து அளந்தால் மாறாது. அப்புறம் கீழே படுத்து பம்ப் ஸ்டாப் ரப்பரின் நுனியில் இருந்து அது வந்து மோதும் இடம் வரைக்கும் அளவெடுங்கள்.

இப்போது லோடு. 50 கிலோ சிமெண்ட் மூட்டை பத்து இருந்தால் போதும், எடை தெரியும், அடுக்குவதும் சுலபம். பின் சக்கரத்துக்கு நேர் மேலே வருகிற மாதிரி அடுக்கி, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தி பட்டையை உட்கார விட்டு, அதே இரண்டு அளவையும் திரும்ப எடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காலியாக ரப்பருக்கும் ஹவுசிங்குக்கும் 9 செ.மீ. இடைவெளி, 500 கிலோ ஏற்றினதும் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதாவது 500 கிலோ 4 செ.மீ. இறக்குகிறது. நீங்கள் அடிக்கிற அதிகபட்ச லோடே 500 கிலோதான் என்றால், லோடோடு நிற்கும்போது பள்ளம் மேட்டுக்கு 3 செ.மீ. மிச்சம் வைத்துக்கொண்டு 2 செ.மீ. வரை இறக்கலாம். அந்த 3 செ.மீ. நான் வைத்திருக்கிற எல்லை, ஏற்காடு மலையில் ஓட்டுகிறவர்கள் அதற்குக் கீழே போகாதீர்கள். இதே வண்டியில் ஒரு டன் காபி மூட்டை ஏற்றுவீர்கள் என்றால் 8 செ.மீ. அமுங்கி 1 செ.மீ.தான் மிஞ்சும் (கீழே, லோடு ஏறும்போது மட்டும் தாங்குகிற ஹெல்பர் பட்டை தொட்டதும் கொஞ்சம் விறைக்கும், அதனால் இன்னும் சிறிது மிஞ்சலாம்). அப்படியானால் பதில் தெளிவு: அந்த வண்டியை இறக்கக் கூடாது. ஆசை எவ்வளவு இருந்தாலும் இடம் இல்லை. ரப்பரில் ஹவுசிங் போய் உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் பட்டை வேலை செய்யாது, ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக சேசிஸுக்குப் போகும், வளைவுக்குள் அது நடந்தால் டயர் பிடிப்பை விடும்.

எந்த முறை

நம் ஊரில் ஓடுகிற பிக்கப்களில் பெரும்பாலும் பின் பட்டை ஹவுசிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று குனிந்து பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. பட்டை மேலே இருக்கிற வண்டிக்கு யாராவது இரும்புக் கட்டை வைத்து இறக்கித் தருகிறேன் என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள், ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்தால் அந்த வண்டி உயரும். பட்டை ஹவுசிங்குக்குக் கீழே தொங்குகிற வண்டிகளில்தான் கட்டை இறக்கும்.

ஹவுசிங்கைப் பட்டைக்கு மேலே தூக்கிப் போட்டு மாற்றுகிற முறை ஒன்று இருக்கிறது. ஒரே அடியில் ஐந்தாறு அங்குலம் இறங்கும், ஆனால் சேசிஸை வெட்டி இடம் பண்ண வேண்டியிருக்கும். மலை ஏறுகிற, லோடு அடிக்கிற வண்டிக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பட்டையில் ஒன்றை உருவிவிடுவது பலரும் சொல்கிற யோசனை. அடியில் இருக்கிற தடித்த ஹெல்பர் பட்டையை உருவினால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: காலியாக இருக்கும்போது அது எடையைத் தாங்குவதே இல்லை, அதனால் வண்டி அந்தப் பட்டையின் தடிமன் அளவுக்குத்தான் இறங்கும். ஆனால் லோடு ஏறும்போது கை கொடுக்க வேண்டியது அதுதான். ஒரு விரல் அளவு உயரத்துக்காக லோடு தாங்குகிற பலத்தை விற்றுவிடுகிறோம். மேலே உள்ள முதல் பட்டையையும் அதை அணைத்து நிற்கிற இரண்டாவது பட்டையையும் உருவவே கூடாது, ஹவுசிங்கை இடம் மாறாமல் பிடித்து வைத்திருப்பது அவைதான்.

பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கிற ஆடும் துண்டான ஷேக்கிளை மாற்றியும் இறக்கலாம். சேசிஸில் இருந்து கீழே தொங்குகிற ஷேக்கிள் என்றால் குட்டையானதாகப் போட வேண்டும். ஷேக்கிளில் 2 செ.மீ. குறைத்தால் சக்கரத்தில் 1 செ.மீ.தான் இறங்கும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது. ரொம்பக் குட்டையானால் பட்டை நீளும்போது ஷேக்கிள் ஆட இடம் இல்லாமல் சேசிஸில் இடிக்கும்.

எனக்குப் பிடித்தது பட்டையின் வளைவைக் குறைப்பது. எண்ணிக்கை குறையாது, விறைப்பு குறையாது, 2 அல்லது 3 செ.மீ. இறக்குவதற்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. நம் பக்கம் அதற்கு ஆளும் உண்டு. சங்ககிரி, நாமக்கல் லாரிகளுக்கு ஆயுள் முழுக்கப் பட்டை தட்டிய கைகள் சேலத்தைச் சுற்றியே இருக்கின்றன.

கழற்றுவது

முதல் நாள் ராத்திரியே, பட்டையை ஹவுசிங்கோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட்டுகளின் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்குகிற எண்ணெயை ஊற்றி விடுங்கள். மறுநாள் வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள்.

இந்த இடத்தில் கவனம். பின் சக்கரம் ஓட்டுகிற வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, கியரில் போட்டு நிறுத்தினாலும் அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. இரண்டு பின் சக்கரமும் மேலே போன நிமிஷம் வண்டியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். ஏற்காட்டில் வீட்டு வாசல் சரிவில் வைத்து இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள், கீழே இறங்கி வாருங்கள்.

சேசிஸைத் தூக்கி, பட்டையின் முன் கண்ணுக்கு (சேசிஸில் போல்ட் போட்டு மாட்டுகிற சுருண்ட முனை) கொஞ்சம் முன்னால் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹவுசிங்கின் எடையை வேறு இரண்டு ஜாக்கி தாங்கட்டும். சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுங்கள். ஹவுசிங்கில் இருந்து சேசிஸுக்கு மெல்லிய ராடு ஒன்று போகிறதா என்று பாருங்கள், இருந்தால் அது மாட்டியிருக்கும் இடத்தில் பெயின்ட்டால் அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அதைப் பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். பிரேக் ஹோஸில் ஹவுசிங் தொங்கவே கூடாது.

யூ போல்ட் நட்டுகளை ஒன்றை முழுசாக எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கழற்றின யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. முறுக்கும்போது அது இழுபட்டு நீண்டிருக்கும், மரையை உற்றுப் பார்த்தால் நட்டு உட்கார்ந்த இடத்தில் பல் மெலிந்திருப்பது தெரியும். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டைகளை ஊடுருவிப் போகிற சென்டர் போல்ட்டை நீங்கள் தொட வேண்டாம், அதை அவிழ்த்தால் அமுங்கி இருக்கிற பட்டைகள் தெறிக்கும். கட்டோடு கட்டாக அப்படியே பட்டைக்காரரிடம் கொண்டு போங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது இரண்டுதான். “அண்ணா, கேஸ் வைக்காம பச்சையாவே தட்டிக் குடுங்க, எல்லாப் பட்டையும் சேர்த்துத் தட்டுங்க.” கேஸ் டார்ச்சால் ஒரு இடத்தைச் சிவக்க வைத்து வளைத்தால் அந்த இடத்தில் பட்டையின் பதம் போய்விடும், கொஞ்ச நாளில் தொய்யும் அல்லது உடையும். முழுப் பட்டையையும் உலையில் வைத்து, எண்ணெயில் பதம் போட்டு, திரும்பவும் சரியாகச் சூடு காட்டி எடுக்கத் தெரிந்தவர் என்றால் அது வேறு விஷயம். எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: கீழே போகப் போக ஒவ்வொரு பட்டைக்கும் மேலே உள்ளதைவிட வளைவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அப்போதுதான் போல்ட் முறுக்கும்போது ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும். மேல் பட்டையை மட்டும் நிமிர்த்தினால் நடுவில் இடைவெளி விழுந்து சத்தம் வரும், பாரம் சமமாகப் பகிராது.

தட்டுவதற்கு முன்பு ஒரு கண்ணில் இருந்து மறு கண்ணுக்கு நூல் பிடித்து, நடுவில் நூலுக்கும் மேல் பட்டைக்கும் உள்ள ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். தட்டினதும், பட்டையை முழுசாகச் சில முறை அழுத்தி விட்டபின் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். அழுத்தாமல் அளந்தால் அந்த அளவு வண்டியில் நிற்காது. இரண்டு பக்கப் பட்டைக்கும் ஆழம் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே நூல் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மாட்டுவது

முன் கண், அப்புறம் ஷேக்கிள். இரண்டு போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி வையுங்கள். ஹவுசிங்கை மெதுவாக மேலே கொண்டுவரும்போது சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங் மேடையில் இருக்கிற ஓட்டையில் போய் உட்கார வேண்டும். இதைக் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். தலை ஓட்டையின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டிருக்கும்போது யூ போல்ட்டை முறுக்கிவிட்டால், பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் ஹவுசிங் கொஞ்சம் கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

யூ போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றுச் சுற்றாக ஏற்றி, கடைசியில் டார்க் ரென்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். முன் கண், ஷேக்கிள் போல்ட்டுகளை மட்டும் வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நின்ற பிறகுதான் முறுக்க வேண்டும். உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுகுகிறதோ அதைத்தான் தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். தூக்கி வைத்து முறுக்கினால் தரையில் இறங்கின நிமிஷத்தில் இருந்து முறுக்கேறியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

இறக்கின பிறகு

இப்போது அந்த மெல்லிய ராடு. பின் பிரேக் அழுத்தத்தை ஏ.பி.எஸ். எலக்ட்ரானிக்ஸே பார்த்துக்கொள்கிற புது மாடல்களில் இது இல்லாமல் இருக்கலாம், ஆனால் பல லோடு பிக்கப்களில் இருக்கிறது. இதன் மறுமுனையில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள தூரத்தை வைத்து வண்டியில் லோடு எவ்வளவு என்று அது கணித்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. நீங்கள் வண்டியை இறக்கிவிட்டீர்கள், லோடு எதுவும் இல்லை, ஆனால் தூரம் குறைந்ததால் வால்வு லோடு இருப்பதாகவே நினைக்கும். காலி வண்டியின் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். மழையில் ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது, எடையெல்லாம் முன்பக்கம் சாய்ந்து பின் டயர் லேசாக இருக்கிற நேரத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வால் பள்ளத்துப் பக்கம் சுழலும். பின்பக்கத்தை இறக்குகிற வேலையில் உயிரோடு சம்பந்தப்பட்ட இடம் இதுதான், எனக்குத் தெரிந்து அதிகம் விட்டுப்போகிற இடமும் இதுதான். ராடை உத்தேசமாக வளைத்துச் சரிசெய்யாதீர்கள். பிரஷர் கேஜ் வைத்திருக்கிற சர்வீஸ் சென்டரில் கொடுத்து, புது உயரத்துக்கு ஏற்ப அமைத்து வாங்குங்கள். அவர்கள் முடியாது என்றால் பழைய உயரத்துக்கே திரும்பிவிடுவது நல்லது.

ஹெட்லைட்டையும் மறக்க வேண்டாம். பின்பக்கம் தாழ்ந்தால் மூக்கு நிமிரும், வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் எதிர் வண்டிக்காரர் ஒரு நொடி குருடாவது நமக்கும் ஆபத்து. சுவருக்கு நேரே நிறுத்தி வெளிச்சத்தின் மேல் விளிம்பைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். வீல் அலைன்மென்ட் ஒரு முறை பார்த்துவிடுங்கள், பின்பக்கம் தாழும்போது முன் சக்கரத்தின் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்-பின் சாய்வு) கொஞ்சம் மாறும்.

2 செ.மீ. இறக்கத்துக்கு ஷாக் அப்சார்பரை மாற்றத் தேவையிருக்காது, ஆனால் முழுசாக அமுங்கும்போது ஹவுசிங் ரப்பரைத் தொடுவதற்கு முன்னால் ஷாக் முட்டிவிடக் கூடாது. பின்னால் அடியில் தொங்குகிற ஸ்டெப்னி, குறுக்குக் கம்பி இரண்டும் இப்போது தரைக்கு நெருங்கி இருக்கும். தோட்டத்துக்குள் போகிற மண் பாதையில் முதலில் இடிப்பது அவைதான்.

ஓட்டிப் பார்ப்பதை உடனே மலையில் ஆரம்பிக்காதீர்கள். காலி மைதானத்தில் 20, 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிரேக் பிடித்து, பின் டயர் முதலில் கோடு போடுகிறதா என்று இறங்கிப் பாருங்கள். போட்டால் வால்வு இன்னும் சரியாகவில்லை. அப்புறம் ஏற்காடு சாலையில் கோரிமேட்டில் இருந்து அடிவாரம் வரைக்கும் வேகத்தடைகளில் ஏற்றி இறக்கி, ஹவுசிங்குக்குப் போகிற ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டில் அதிர்வோ தட்டும் சத்தமோ வருகிறதா என்று கேளுங்கள். அதன் பிறகு நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற லோடில் பாதியை வைத்து முதல் சில வளைவுகள் மட்டும் ஏறி இறங்குங்கள். சக்கர வளைவின் உட்புறத்தில் டயர் உரசிய தடம் இருக்கிறதா, ரப்பர் நுனியில் புதுசாகப் பளபளப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் பளபளத்தால் ஹவுசிங் அதைத் தொட்டிருக்கிறது, லோடைக் குறையுங்கள் அல்லது உயரத்தைக் கொஞ்சம் திரும்பக் கொடுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் மட்டும் முழு லோடு.

சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டுகளைத் திரும்ப டார்க் ரென்ச் வைத்துப் பார்க்க வேண்டும், புதுப் போல்ட்டும் தட்டின பட்டையும் உட்காரும்போது இறுக்கம் குறையும். அதே நாளில் சக்கர நடுவில் இருந்து வளைவு வரைக்கும், ரப்பரில் இருந்து ஹவுசிங் வரைக்கும் உள்ள அளவுகளை எடுத்து, முதல் அளவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வண்டிப் பேப்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் எந்தப் பட்டை தொய்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.